நஸீமா சொன்ன வீடுகளும் அறைகளும்

செவ்வாய்க்கிழமை காலை நஸீமாவின் நானா தொலைபேசி எடுத்தார். கிண்ணியாவில் ஓட்டோ ஓட்டுபவர். எனக்குக் கணினி சொல்லித்தர வரும் தங்கையை என் வீட்டில் கொண்டுவந்து விடுவதும் கூட்டிப்போவதும் அவர்தான். துறையில் கடற்படை, குடாவைக் கடக்கும் மிதவைப் படகை மறித்துவிட்டது, வரப் பிந்தும் என்று சொல்லத்தான் எடுக்கிறார் என நினைத்தேன்.

"அன்ரி, தங்கச்சி மௌத்தாப் போயிட்டா."

"எந்த இடத்தில?" என்று கேட்டேன். இந்த நாட்களில் சாவுச் செய்தி வந்தால் நாம் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறோம். துறையிலா, சோதனைச் சாவடியிலா, சந்தையிலா?

"ஒரு இடத்திலயும் இல்ல அன்ரி. வீட்டில. தேத்தண்ணி குடிச்சிக்கொண்டு இருந்தவ. கோப்பையைக் கீழ வச்சா, அப்படியே சரிஞ்சிட்டா. ஹார்ட் எண்டு சொல்றாங்க."

"இந்த வயதில என்ன ஹார்ட்?" என்று அவரை அதட்டினேன். "நேற்றுப் பின்னேரமும் என்னோட கதைச்சவ. டொக்டரைத் திரும்பக் கூப்பிட்டு வடிவாப் பாக்கச் சொல்லுங்கோ."

அவர் அழும் சத்தம்தான் கேட்டது. அப்போதும் நான் நம்பவில்லை. இதை எழுதும்போதும் முழுதாக நம்புகிறேனா என்று தெரியவில்லை. வெடிச் சத்தத்துக்கும் சுற்றிவளைப்புக்கும் மனத்தை இறுக்கி வைத்திருந்தோம். ஒரு கோப்பைத் தேநீருக்கு யார் இறுக்கி வைத்திருந்தோம்?

அன்று மாலைக்குள் அடக்கம் முடிந்துவிட்டது. மிதவை ஓடவில்லை. குடாவுக்கு இந்தப் பக்கம், என் கதிரையில் இருந்தபடியே இருந்தேன்.

இதை வாசிப்பவர்களில், வாசிக்கக் கேட்பவர்களில் பலர், நகரத்தில் பார்வையற்றோருக்கான கணினி வகுப்பில் நஸீமாவிடம் படித்தவர்கள். நான் அந்த வகுப்புக்கு வந்ததில்லை. வர எனக்கு மனமில்லை. என் கண்கள் போய்க்கொண்டிருந்தன. அதை நான் எவரிடமும் ஒத்துக்கொள்ளவில்லை. மெல்பேணில் இருக்கும் மகன் கண்டுபிடித்துவிட்டான். "அப்பாவும் இல்லை. யுத்தம் நடக்கிற ஊரில், கண் தெரியாமல், தனிய. வந்து கூட்டிக்கொண்டு போகப்போறன்," என்றான். உட்துறைமுகத்தைப் பார்த்த இந்த வீட்டுக்கு மணப்பெண்ணாக வந்தவள் நான். இதைவிட்டுப் போகமாட்டேன் என்றேன். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். வாரந்தோறும், எவருடைய உதவியும் இல்லாமல், நானே கணினியில் அவனுக்குக் கடிதம் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் அவன் விமானம் ஏறுவான்.

ஆகவே நஸீமா என் வீட்டுக்கு வந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அத்தர் மணம் முதலில் வந்தது, பிறகு சிரிப்பு. நான் விறைப்பாக, "எனக்குப் பார்வை கொஞ்சம் மங்கல்," என்றேன்.

"எனக்கும்தான் அன்ரி. பிறந்த நாள்லயிருந்து கொஞ்சம் மங்கல்."

அதன்பிறகு அவரிடம் எதையும் மறைக்கவில்லை.

திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் அந்த மென்பொருளின் குரல் முதல் நாள் எனக்குத் தகரக்கூரையில் கொட்டும் மழைபோல இருந்தது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. வேகத்தை ஆகக் குறைக்கச் சொன்னேன். கொன்வென்டில் சிஸ்டர்மார் எங்களை நிறுத்தி, தெளிவாக வாசிக்கப் பழக்கியவர்கள் என்றும் சொன்னேன். நஸீமா குறைத்துத் தந்தார்.

"இந்தக் குரலைக் கேட்டா ஆமையும் நித்திரையாப் போகும் அன்ரி. சிஸ்டர்மார் உங்களுக்கு வேகமா ஒண்டும் சொல்லித்தரல்லையா?"

"ஒழுக்கம் சொல்லித் தந்தவை."

"அது எங்கட உம்மாவும் சொல்லித்தந்தவதான். ஆனா வேகமாச் சொன்னவ."

இணையத்தில் இடம்மாறி நடக்க அவர் கற்பித்த விதம் உங்களுக்கு நினைவிருக்கும். "ஒவ்வொரு விண்டோவும் ஒரு வீடு. அதுக்குள்ள திறக்கிற டாப் எல்லாம் அறை. அறைக்கு அறை போக கீபோட்டில கொன்ட்ரோலும் டாப் கட்டையும். வீட்டுக்கு வீடு போக ஆல்ட்டும் டாப் கட்டையும். பக்கத்து அறைக்குப் போறதுக்கு ஆரும் ரோட்டில இறங்குவாங்களா?"

நான் இறங்கினேன். திருமணத்துக்கு முன் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக இருந்தவள் நான். ஒவ்வொரு விடயத்துக்கும் புதுத் தாள் என்பது என் விரல்களில் ஊறிய பழக்கம். ஆகவே எதை வாசிப்பதானாலும் புது விண்டோ ஒன்றைத் திறந்தேன். நஸீமா ஒருநாள் என் கணினியில் கைவைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அன்ரி, ஒரு ஊரே கட்டிப்போட்டிருக்கிறீங்க! கிராம சேவகர் ஒருத்தரையும் போடுவமா?"

அந்தப் பழக்கம்தான் என்னை மாட்டிவைத்தது. ஒரு சனிக்கிழமை மகனுக்கு நீண்ட கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டது. இடியோ என்று வானிலைப் பக்கத்தையும், பிறகு எங்கே என்று அறியச் செய்திப் பக்கத்தையும் திறந்தேன். திரும்பி வந்தால் கடிதம் இல்லை. கொன்ட்ரோலையும் டாப் கட்டையையும் எத்தனை தரம் தட்டினாலும் குரல் அதே செய்தியைத்தான் சொன்னது. அன்று அனுப்பாவிட்டால் மகன் வருவான். எல்லாவற்றையும் மூடிவிட்டு, அவனுக்குப் போன் எடுத்து, வா என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் நஸீமாவுக்குத்தான் எடுத்தேன்.

"ஒண்டையும் மூடாதீங்க. போனை ஸ்பீக்கருக்குக் கிட்டப் பிடியுங்க."

"கடிதம் போயிட்டுது நஸீமா."

"கடிதம் எங்கயும் போகல்ல. நீங்கதான் வேற வீட்டுக்குப் போயிட்டீங்க. எங்க நிக்கிறம் எண்டு முதல்ல கேளுங்க. பிறகு நடவுங்க."

அதற்கு இன்சேர்ட் கட்டையோடு டி எழுத்தைத் தட்ட வேண்டும். தட்டினேன். குரல் செய்திப் பக்கத்தின் தலைப்பைச் சொன்னது.

"கேட்டிச்சு. இனி ஆல்ட்டை விடாமப் பிடிச்சிக்கொண்டு டாப் கட்டையைத் தட்டுங்க. அடுத்த வீடு என்ன?"

"வானிலை."

"மழையெண்டாச் சொல்லுங்க, உடுப்புக் காயப்போட்டிருக்கன். அடுத்தது?"

அடுத்தது என் கடிதம். ஒரு எழுத்தும் குறையாமல் இருந்தது. "இருக்குது!" என்று போனில் கத்தினேன்.

"கட்டின வீடு எங்க போகும் எண்டு சொல்ல வந்தன்," என்றார் நஸீமா. "இந்த ஊரில அதச் சொல்லேலாது. எண்டாலும் இது இருக்குது. அனுப்புங்க."

அனுப்பினேன். மகன் வரவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அவனுக்கு நஸீமாவின் செய்தியை எழுதினேன். உடனே பதில் வந்தது: "அம்மா, இனி உங்களுக்கு உதவ அங்கே ஒருவரும் இல்லை. அடுத்த மாதம் வருகிறேன்."

பதில் எழுதுமுன், நஸீமாவுக்காகக் குரலின் வேகத்தைச் சற்றுக் கூட்டலாம் என்று தோன்றியது. அவர் அவ்வளவு கேட்டும் நான் இணங்காத ஒன்று அது. அமைப்புகளுக்குள் தட்டுத்தடுமாறிப் போய் வேகம் எவ்வளவு என்று பார்த்தேன். முதல் நாள் நான் வைக்கச் சொன்ன அடிமட்டத்தில் அது இல்லை. பாதிக்கு மேல் ஏறியிருந்தது. பாடத்துக்குப் பாடம், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருக்கிறார். நான் பின்னாலேயே ஓடியிருக்கிறேன், ஓடுகிறேன் என்று தெரியாமலே.

"கள்ளி!" என்று வெறும் வீட்டில் உரக்கச் சொன்னேன். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

நஸீமாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியவை அந்த வேகமும் அந்தக் கேள்வியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, புது விண்டோ திறக்காமல், அதே வீட்டுக்குள் ஓர் அறையைத் திறந்தேன். எங்கே நிற்கிறேன் என்று முதலில் கேட்டேன். குரல் சொன்னது. பிறகு மகனுக்கு எழுதினேன்: வரவேண்டாம், நான் இங்கே இருக்கிறேன். எழுதியதைத் திரும்ப வாசிக்கச் செய்து, ஒவ்வொரு சொல்லையும் அவருடைய வேகத்தில் கேட்டு, அனுப்பினேன்.