நிலாவெளியில் ஒரு பாரிஸ்காரி

மருமகள் கைபேசியை என் மூக்கின் கீழ் நீட்டினாள். பாரிஸ் பெண்ணைப் போல உடுத்துவது எப்படி என்று அதில் ஒருத்தி பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். கறுப்புதான் நிறமாம். கழுத்துத் துணியை அக்கறையில்லாதது போல வெகு அக்கறையாகக் கட்ட வேண்டுமாம். எனக்கும் ஒரு பாரிஸ் பெண்ணைத் தெரியும். பெயர் மலர். கனகாலமாக அங்கே கந்தோர் அறைகளைக் கூட்டிக் கழுவுகிறாள். குளிர் வந்தால் ஒன்றின்மேல் ஒன்றாகக் காற்சட்டைகள், மேலே புருசனின் பழைய ஜாக்கெட். இதைச் சொன்னதும் மருமகள் கைபேசியைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள்.

எழுபதுகளின் கடைசியில் நானும் மலரும் நிலாவெளிக் கடற்கரை ஹோட்டலொன்றின் சலவைக் கொட்டிலில் வேலை செய்தோம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்ட பிறகு, கிண்ணியாவில் கருவாடு காயவைத்து, துறைமுகத்தடிச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, ஓரிடத்திலும் கால் தரிக்காமல் அங்கே வந்து சேர்ந்திருந்தேன். சலவைச் சோடாவில் விரல்கள் வெடித்துத் தோல் உரியும். தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு படுப்போம். அதற்காக அழுததாக நினைவில்லை.

வெள்ளைக்காரிகளின் உடுப்பை உள்ளும் புறமும் பார்த்தது அந்த வேலையால்தான். கக்கத்தில் வியர்வைக் கறை, தெறி அறுந்து பூட்ட முடியாத சட்டை, ஓட்டை விழுந்த உள்ளாடை. வந்த மறுநாளே அவற்றையும் எறிந்துவிட்டு, கடையில் வாங்கிய சாரத்தை மார்போடு கட்டிக்கொண்டு வெறுங்காலோடு திரிவார்கள்.

மனேஜரின் மனைவியின் கண்ணில் மட்டும் இது படவேயில்லை. கொழும்புக்காரி. ஒரேயொரு தடவை பாரிஸ் போய் வந்தவள். அந்தப் பயணத்தை ஆட்டெலும்பு போல வருசக்கணக்காக உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மெடம் என்போம், முதுகுக்குப் பின்னால் சொன்னதை இங்கே எழுத முடியாது. கொதிக்கிற வெயிலில் நைலோன் காலுறை, மணலில் குத்தி இறங்கும் குதி உயர்ந்த சப்பாத்து. அவள் நடந்தால் சேற்றில் நடக்கும் நாரைதான் நினைவுக்கு வரும். நாரைக்காவது மீன் கிடைக்கும்.

வரவேற்பு மேசைக்கு ஒரு பெண் தேவைப்பட்டது. மலர் கொஞ்சம் இங்கிலீசு கதைப்பாள்.

"பாரிஸ் பொம்பிளை மாதிரி உடுத்தி நடக்கப் பழகும். அந்த வேலை உமக்குத்தான்" என்றாள் மெடம்.

சோடாவிலிருந்து கை தப்பும் என்ற ஆசையில் மலர், மெடம் இரவல் தந்த சப்பாத்தோடு கொட்டிலுக்குள்ளேயே நடை பழகினாள். நானும் களவாக அந்தச் சப்பாத்தை மாட்டிப் பார்த்தேன். மடிப்புக் கலையாமல் மினுக்கி அடுக்கிய விரிப்புகளின்மேல் போய் விழுந்தேன்.

ஒரு காலை, விளம்பரப் படம் எடுக்கக் கொழும்பிலிருந்து கமராக்காரர் வந்தார். மலருக்கு மெடத்தின் கறுப்புச் சட்டை, தொப்பி, அந்தச் சப்பாத்து. அவளுக்குப் பின்னால் கரைவலை இழுப்பவர்கள் தெரிய வேண்டுமாம். இழுப்பவர்களில் மலரின் தகப்பனும் ஒருவர். வலைக் கயிறு கடலிலிருந்து மேட்டுக்கு நீண்டு கிடந்தது. மெடமும் கமராக்காரரும் அந்தப் பக்கம், மலர் இந்தப் பக்கம். அவள் கயிற்றைத் தாண்டி நடந்து வருவதைத்தான் படம் எடுப்பார்களாம்.

எங்கள் கரையில் செருப்புக் காலோடு வலைக் கயிற்றைத் தாண்டக் கூடாது. தாண்டிய நாளில் மீன் படாவிட்டால் பழி தாண்டியவளின் வீட்டுக்கு வரும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி மறுநாள் தகப்பனைக் கயிற்றில் கைவைக்க விடமாட்டார்.

"ஏய் வெள்ளைக்காரி! சப்பாத்தக் கழட்டிப்போட்டுத் தாண்டு!" என்று இழுவைக்காரன் ஒருவன் கத்தினான். மற்றவர்கள் சிரித்தார்கள். தகப்பன் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே இழுத்தார்.

"கழட்டினால் படம் சரிவராது. அப்பிடியே வாரும்" என்றாள் மெடம்.

"ஏலாது மெடம்."

"அப்ப மேசையில இருக்கவும் ஏலாது."

மலர் அங்கேயே குந்தினாள். குந்துவதற்குத் தைத்த சட்டையா அது? பின்தையல் படாரென்று கிழிந்தது. வார்களை அவிழ்த்து, சப்பாத்தைக் கையில் பிடித்து, வெறுங்காலால் கயிற்றைத் தாண்டினாள்.

"பாரிஸில ஆரும் சப்பாத்தக் கையில கொண்டு திரியிறதில்ல" என்று மெடம் பல்லைக் கடித்தாள்.

"அங்க வலை இழுக்கிறவையோ மெடம்?" என்று கேட்டுவிட்டு, சப்பாத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தாள் மலர்.

அன்று வலையில் வெறும் சாளைதான். ஆனால் ஒருவரும் மலரின் வீட்டைக் குறை சொல்லவில்லை. அடுத்த கிழமை வரவேற்பு மேசையில் கொழும்புப் பெண்ணொருத்தி இருந்தாள். மலரின் கை மறுபடி சோடா வாளிக்குள்.

அந்த ஹோட்டல் இப்போது இல்லை. மெடமும் இல்லை. இரண்டுக்கும் நான் துக்கம் கொண்டாடவில்லை. போன மாதம் அந்தக் கரைக்குப் போனேன். கரைவலையை உழவு இயந்திரம் இழுக்கிறது. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு இல்லை, வரிசையில் நின்று இழுக்க ஆட்களும் இல்லை. சாரதிப் பொடியன் சப்பாத்துக் காலோடு கயிற்றின்மேல் ஏறி நின்று யாருடனோ கைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தான். இப்போதைய சம்மாட்டி பக்கத்தில் நின்று வெற்றிலை மென்றார்.

மலர் பாரிஸிலிருந்து கைபேசியில் எடுத்தபோது, "வலை இழுக்கிறவையோ இப்பவும்?" என்று கேட்டாள்.

"ஓம். மீன்தான் குறைவு" என்றேன்.