மூன்று சிபாரிசும் ஒரு பலாப்பழமும்

திருப்பாதிரிப்புலியூர் ரயிலடிக்குப் பக்கத்தில் இருக்கும் மணவாளன் நர்சிங் ஹோமில் பத்துப் படுக்கை, ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ். இரண்டு பேரில் மூத்தவள் அல்மாஸ். ஊசி போடுவதும் டிரிப் ஏற்றுவதும் அவள் வேலை. தண்ணீர் மோட்டார் போடுவது, வேன் வராத நாளில் டாக்டரின் பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வருவது, டாக்டர் வீட்டு கேஸ் சிலிண்டருக்குப் போன் அடிப்பது ஆகியவையும் அவள் வேலைதான். சேரும்போது இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. சேர்ந்த பிறகும் சொல்லவில்லை. "ஏம்மா அல்மாசு" என்று மட்டும் கூப்பிட்டார்கள். பதினோரு வருடம் ஓடிவிட்டது.

இந்த நிலையில்தான் சிதம்பரத்தில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலைக்கு அவளை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. அங்கே லிஃப்ட் உண்டாம், கேண்டீன் உண்டாம். ஷிப்ட் முடிந்தால் நர்சுகள் வீட்டுக்கே போய்விடலாமாம். கடைசியாகச் சொன்னதை அல்மாஸ் முதலில் நம்பவில்லை.

இன்டர்வியூ என்று வந்தால் நம் பக்கத்தில் யாரும் உடனே புத்தகத்தைத் தேட மாட்டார்கள். "அங்க நமக்கு யாரைத் தெரியும்?" என்றுதான் தேடுவார்கள். மாமியார் ருக்கையாவின் தம்பி குலாம் முகம்மது பண்ருட்டியில் முந்திரி மண்டி வைத்திருந்தார். ஆஸ்பத்திரி மேனேஜர் தனக்கு வேண்டப்பட்டவர் என்று சொல்லி, காம்பில் நீல நைலான் கயிறு கட்டிய ஒரு பலாப்பழத்தோடு சிதம்பரம் போய்வந்தார்.

"பழம் போயிடுச்சும்மா. வேலை முடிஞ்ச மாதிரிதான்" என்றார். "இங்க ரிலீவ் ஆகி ஆர்டர கையில வச்சுக்க. அன்னைக்கே ஜாயின் பண்ணச் சொல்லுவாங்க."

"இன்னும் இன்டர்வியூவே நடக்கலியே மாமா?"

"அது சும்மா சம்பிரதாயம்மா. நிக்காஹ்ல பொண்ணுகிட்ட சம்மதம் கேக்கறதில்லையா, அந்த மாதிரி."

ருக்கையா உடனே வாயில் விரலை வைத்தார். "காரியம் முடியற வரைக்கும் யாரும் வெளிய மூச்சு விடக்கூடாது. கண்ணு பட்டுடும்." எல்லாரும் சம்மதித்தார்கள். அதனால்தான் அந்த வீட்டில் யார் யார் என்ன காரியம் செய்தார்கள் என்பது அடுத்தவருக்குத் தெரியாமலே போயிற்று.

அல்மாஸ் வேலையை விட்டாள். விடைபெறுகிறவர் விருந்து வைப்பது வழக்கம், வீட்டிலிருந்து ஒரு தேக்சா பிரியாணி போயிற்று. டாக்டர் மணவாளன் இரண்டு தட்டு சாப்பிட்டுக் கண் கலங்கினார். பரிசாக ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார். மணி எத்தனையோ அத்தனை முறை குயில் கூவும். டயலின் அடியில் 'வாழ்த்துக்களுடன்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஸ்டிக்கருக்கு அடியில் இருமல் மருந்துக் கம்பெனியின் பெயர் லேசாகத் தெரிந்தது.

இன்டர்வியூ நாள் காலையில் சிதம்பரம் பஸ்ஸில் இடம் கிடைத்தது. அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள். இன்சுலின் அளவு, பிரஷர் குறைந்தால் என்ன செய்வது, எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. வெளியே பெஞ்சில் குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த தமிழினி என்ற பெண் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு இங்க யாரையுமே தெரியாதுக்கா" என்றாள்.

அல்மாசுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "பயப்படாதம்மா, இது இல்லன்னா இன்னொண்ணு" என்று முறுக்கு கொடுத்தாள். வேலை நிச்சயமானவர்களுக்கு இப்படிப்பட்ட பெரிய மனசு எளிதாக வரும்.

உள்ளே ஏசி அறை. கதவைத் திறந்ததுமே பலாப்பழ வாசனை. மேசைக்கு அடியில் நீலக் கயிறு தெரிந்தது. அல்மாசுக்குத் தெம்பு வந்தது. நடுவில் மேனேஜர், ஒரு பக்கம் தலைமை நர்ஸ் அம்மா, இன்னொரு பக்கம் முதலாளியின் மச்சான், வெள்ளைச் சட்டை.

தலைமை நர்ஸ் கனிவாகக் கேட்டார். "ருக்கையா மருமகதானே நீ? எங்க அக்கா வீட்டுக்குப் புடவை கொண்டுவர்ற அம்மா எல்லாம் சொன்னாங்க."

மேனேஜரின் பேனா நின்றது.

வெள்ளைச் சட்டைக்காரர் முன்னால் சாய்ந்தார். "வீட்டுக்காரர் நசீர்தானே? முதுநகர்ல மொபைல் கடை? நம்ம கட்சி இளவரசு போன் பண்ணாரே!"

இப்போது தலைமை நர்சின் கண்ணாடி மேலே ஏறியது. இரண்டு பேரும் திரும்பி மேனேஜரைப் பார்த்தார்கள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே மேசைக்கு அடியில் பார்த்தார்கள். மேனேஜர் காலால் பழத்தை மெதுவாக உள்ளே தள்ளினார். அது உருண்டு மறுபக்கம் வெளியே வந்தது.

"கொஞ்சம் புழுக்கமா இருக்கில்ல?" என்றார் மேனேஜர், ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு.

மூவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பைச் சம்பந்தி வீட்டுப் பந்தியில்தான் அல்மாஸ் பார்த்திருக்கிறாள்.

"சரிம்மா. வெளிய உக்காருங்க."

இன்சுலின் நாக்கு நுனியிலேயே நின்றுவிட்டது.

மதியம் பெயர் வந்தது: தமிழினி. அந்தப் பெண் அழுதுகொண்டே அல்மாசைக் கட்டிப்பிடித்து, "நீங்க முறுக்கு குடுத்த நேரம்க்கா" என்றாள். அல்மாஸ் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். அல்மாசின் கண்ணைத் துடைக்க, ஆஸ்பத்திரியில் டீ கொண்டுவரும் கோவிந்தசாமி ஒரு பேப்பர் நாப்கின் தந்தார்.

"ஒரு ஆள் சொல்லியிருந்தா வேலை ஒங்களுக்குத்தாம்மா" என்றார் கோவிந்தசாமி. "மூணு பேர் சொல்லிட்டாங்க. இவரு ஆளுன்னு அந்தம்மா பயப்படுது, அந்தம்மா ஆளுன்னு அவரு பயப்படறாரு. கடைசியில யாரோட ஆளும் இல்லாத பொண்ணாப் பாத்து எடுத்துட்டாங்க."

"பழம்?"

"அது மட்டும் பாக்கியில்லாம மூணு பங்காப் போயிடுச்சு."

பஸ் புதுச்சத்திரம் தாண்டும்வரை அல்மாசுக்கு அழுகை வந்தது. ஆலப்பாக்கத்தில் பழம் உருண்டது ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

வீட்டில் விசாரணை நடந்தது. "கட்சி இளவரசுகிட்ட சும்மா ஒரு வார்த்தைதான் சொன்னேன்" என்றான் நசீர், தலையைச் சொறிந்தபடி. "நான் புடவைக்காரிகிட்ட யாருக்கும் சொல்லாதேன்னுதான் சொன்னேன்" என்றார் ருக்கையா. குலாம் முகம்மது போனில், "நல்ல பழம்மா, தேன் மாதிரி இருந்திருக்கும்" என்று துக்கப்பட்டார்.

ஆனால் நசீரின் கடை வருமானம் கடை வாடகையோடு நின்றுவிடும். வீடு ஓடுவது அல்மாசின் சம்பளத்தில். இந்த வேலையும் இல்லை, அந்த வேலையும் இல்லை. பிரியாணியைத் திரும்ப வாங்க முடியாது. கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். திங்கட்கிழமை அதைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

நர்சிங் ஹோம் வாசலில் 'நர்ஸ் தேவை' என்று அட்டை தொங்கியது. உள்ளே பெஞ்சில் இரண்டு பெண்கள். இன்னொரு நர்ஸ் தமிழ்ச்செல்வி ஓடிவந்தாள். "எதையாச்சும் மறந்து வச்சிட்டுப் போயிட்டீங்களாக்கா?"

"ஆமா. வேலைய" என்று சொல்லி அல்மாசும் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் இருந்த பெண், "இங்க வேலை எப்படிக்கா இருக்கும்?" என்று கேட்டாள். அல்மாஸ் சொன்னாள். மோட்டாரைச் சொன்னாள், பேத்தியைச் சொன்னாள், சிலிண்டரைச் சொன்னாள். ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண்ணுக்குத் தலைவலி வந்தது, இன்னொருத்திக்குப் பஸ் வந்தது.

"அடுத்து!" என்றார் டாக்டர் உள்ளேயிருந்து. நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் முகத்தில் வந்த சந்தோஷத்தைக் கஷ்டப்பட்டு மடக்கி வைத்துக்கொண்டார்.

"அனுபவம் இருக்கா?"

"பதினோரு வருஷம் சார்."

"எங்க?"

"இங்கதான் சார்."

"அந்த வேலைய ஏன் விட்டீங்க?"

"மோட்டார் போடச் சொன்னாங்க சார்."

வெளியே தமிழ்ச்செல்வி இருமுவதுபோல் சிரித்தாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இனிமே சொல்ல மாட்டாங்கன்னா?"

"பேத்தி, சிலிண்டர்?"

"அதுவும்தாம்மா."

"அப்ப சேந்துக்கறேன் சார்."

"யாராச்சும் சிபாரிசு உண்டா?"

"சத்தியமா யாருமில்ல சார்!" என்றாள் அல்மாஸ். அந்த நேரம் பார்த்துப் பைக்குள்ளிருந்து குயில் கூவியது.

கடிகாரம் இப்போது வார்டில் ஐந்தாம் படுக்கைக்கு மேலே தொங்குகிறது. 'வாழ்த்துக்களுடன்' ஸ்டிக்கரை அல்மாசே உரித்துவிட்டாள். மாட்டிய அன்றைக்கே குயில் பதினோரு முறை கூவியபோது டாக்டர் வழக்கம்போல, "ஏம்மா அல்..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். தானே போய் மோட்டார் போட்டார். போடத்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. மொட்டைமாடித் தொட்டி நிரம்பி ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் அருவியாகக் கொட்டத் தொடங்கியது. நோயாளிகளெல்லாம் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

அல்மாஸ் மட்டும் தலை நிமிராமல், மூன்றாம் படுக்கைப் பெரியவரின் காலுக்குப் பொறுமையாகக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.