சூட்டு உடம்பு

சுவீடனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், கும்மிடிப்பூண்டி வெயில் எனக்குக் கிடைத்த ஒரே இடம் ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் பெட்டிதான். உள்ளே முப்பத்தேழு டிகிரி. முகத்தில் படும் அந்தக் காற்றுக்காகவே கதவை மெதுவாக மூடுவேன். உடன் வேலை பார்த்த இங்கிரிட், "சீக்கிரம் மூடு, புழுங்குகிறது" என்பாள்.

நான் ஆராய்ந்தது லிஸ்டீரியா என்ற கிருமியை. ஃபிரிட்ஜில் வைத்த பாலிலும் சீஸிலும் சாதுவாக வளரும். அதன் நோய்க்குணத்தை எழுப்பும் செய்தி ஓர் ஆர்.என்.ஏ. இழையில் இருக்கிறது. குளிரில் அந்த இழை தன்மேலேயே மடிந்து, படிக்க முடியாமல் கிடக்கும். மனித உடம்பின் சூடு பட்டதும் மடிப்பு அவிழும், செய்தி படிக்கப்படும், கிருமி தாக்கத் தொடங்கும். கர்ப்பிணிக்கு லேசான காய்ச்சலோடு போய்விடலாம். வயிற்றுப் பிள்ளையைக் கொன்றுவிடக்கூடும்.

இதை முதலில் படித்த அன்று வேலை ஓடவில்லை. புதுவாயலில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவுக்கு ஆறாம் மாதம் காய்ச்சல் வந்தது. பிள்ளை வயிற்றிலேயே இறந்தது. ஏனென்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. "இவளுக்கு சூட்டு ஒடம்பு, கொழந்த தங்காது" என்றார் மாமியார். அதுவே தீர்ப்பாயிற்று. அக்கா மோரும் வெந்தயமுமாகக் குடித்துத் தன்னைக் குளிர்வித்துக்கொண்டே இருந்தாள். சூட்டு உடம்பு என்பதை ஆங்கிலத்தில் இங்கிரிட்டிடம் சொன்னபோது, "இன்னுமா காய்ச்சல்? டாக்டரிடம் போகவில்லையா?" என்று பதறினாள். எனக்கு விளக்கத் தெரியவில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போன்தான் ஊர். அப்படியொரு ஞாயிறு அந்தக் கிருமியைப் பற்றி அக்காவிடம் சொன்னேன்.

"அந்தக் கிருமிதானான்னு எனக்குத் தெரியாதுக்கா. ஆனா ஒடம்புச் சூடு எல்லாருக்கும் ஒண்ணுதான். உனுக்குன்னு தனியா இல்ல."

அக்கா, "இரு, ஸ்பீக்கர்ல போடறேன். அத்த இங்கதான் குந்திக்கினு கீறாங்க. இன்னொரு தபா சொல்லு" என்றாள்.

சொன்னேன்.

"அப்ப எனுக்கும் அதே சூடுதானாம்மா?" என்றார் மாமியார்.

"ஆமா அத்தை."

"நான் அஞ்சு பெத்தேனே..." குரல் இறங்கியது. உடனே அக்காவிடம், "பின்ன இன்னாத்துக்குடி இத்தினி நாளா மோரா குடிச்சிக்கினு கெடந்த?"

"நீங்கதான அத்த குடிக்கச் சொன்னீங்க?"

அக்கா அவரை எதிர்த்துப் பேசி அன்றுதான் கேட்டேன். அக்கா விசும்பினாள். பிறகு மாமியார், "அழாதடி, வா, சாப்புடு" என்பது தூரத்தில் கேட்டது. போனை யாரும் அணைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. ஒரு காதில் புதுவாயல் நெடுஞ்சாலை லாரிகள் ஹாரன் அடித்துப் போயின. சாய்ந்திருந்த ஜன்னல் கண்ணாடியின் சில்லிப்பில் மறு காது மரத்துப்போயிருந்தது. வெளியே சத்தமே இல்லாமல் பனி.