மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன்

அருள்தாஸ் இறந்த செய்தி எனக்கு ஒரு புகாராகத்தான் வந்தது. தி. நகரில் புடவைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி செவ்வாய்க்கிழமை காலை கூப்பிட்டார். "மேனேஜர் மேடம், ஒங்க அருள்தாஸ் ரெண்டு நாளா போன எடுக்க மாட்டேங்காரே. பதினஞ்சு நாள்ல புதுக்கடை தொறக்கணும். பில் போடுத சாப்ட்வேர் இன்னும் வரல. நீங்க கொஞ்சம் கண்டிக்கக் கூடாதா?" கண்டிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அருள்தாஸின் எண்ணை அழுத்தினேன். எடுத்தது அவர் தம்பி.

"அண்ணன் ஞாயித்துக்கெழம காலைல போய்ட்டாருங்க. மாரடைப்பு. நேத்து அடக்கம் பண்ணிட்டோம். போன் சார்ஜ் இல்லாம கெடந்துச்சு, இப்பதான் போட்டேன். மேனேஜர்னு பேரு வருது. ஆபீஸுங்களா? கஸ்டமருங்களுக்கு நீங்களே சொல்லிடுங்க." சொல்கிறேன் என்றேன்.

அருள்தாஸுக்கு ஆபீஸும் கிடையாது, மேனேஜரும் கிடையாது என்பது நண்பர்களான உங்களுக்குத் தெரியும். நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள். ஆறு வருடங்களுக்கு முன் வேலையை விட்டு, அவர் பாலவாக்கத்திலும் நான் வேளச்சேரியிலும் அவரவர் வீட்டிலிருந்தே தனித்தனியாகச் சாப்ட்வேர் எழுதிக் கொடுக்கத் தொடங்கினோம். எழுதுவதில் பயமில்லை. கேட்கிறவரிடம் முடியாது என்று சொல்வதில்தான் இருவருக்கும் உதறல். அடையாறு பல் மருத்துவர் ஒருவரிடம் ஒரு மாத வேலையை வெள்ளிக்கிழமைக்குள் தருவதாக ஒப்புக்கொண்டு வந்து, மயிலாப்பூர் மெஸ்ஸில் காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்த அன்றுதான் அருள்தாஸ் அந்த வழியைக் கண்டுபிடித்தார்.

"எனக்கு நீ மேனேஜர், உனக்கு நான் மேனேஜர். எவன் இன்னா கேட்டாலும், மேனேஜர கேட்டு சொல்றேன்னு போன வெச்சிடணும். முடியாதுன்றத மேனேஜர் சொல்லட்டும். அடுத்தவங்களுக்காக சொல்றதுல இன்னா பயம் கீது?"

அன்றே அவருடைய மேனேஜராகப் பல் மருத்துவரிடம் பேசினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மருத்துவர் மறுபேச்சில்லாமல் ஐந்து வாரம் கொடுத்தார். என்னிடம் மூன்றாவது முறையாக இலவசத் திருத்தம் கேட்ட பள்ளிக்கூடத்தாரிடம் அருள்தாஸ், "எங்க கம்பெனி ரூல்ஸ் ஒத்துக்காது சார்" என்றார். இரண்டு பேர் கொண்ட இல்லாத கம்பெனிக்கு அந்த நிமிடம் போட்ட ரூல்ஸ் அது. அப்புறம் என்னைக் கூப்பிட்டுத் திட்டினார்: "நாலு நாள் வேலைக்கு எட்டு நாள் கேளு மேனேஜரம்மா. ஆறாம் நாள் குட்த்தா உன்ன கும்புடுவான்." எனக்குச் சொன்னதை அவர் ஒருநாளும் செய்ததில்லை.

இனிமேல் எழுதப்போவதை உங்களிடம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். செவ்வாய்க்கிழமை மாலை அண்ணாச்சி மறுபடி கூப்பிட்டு, "என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டபோது, "லீவில் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டேன். கடை திறப்பதற்குள் முடித்துத் தருவதாக மேனேஜராக வாக்குக் கொடுத்திருந்ததும் நான்தான். என் கையில் ஏற்கெனவே இரண்டு வேலைகள் தேதி தாண்டி நின்றன. இறந்துவிட்டார் என்றால் அடுத்த கேள்வி, வேலை என்னாவது என்பதுதானே? எங்கள் வேலைகளின் நகலை ஒருவருக்கொருவர் வைத்திருப்போம். அவர் விட்ட இடத்திலிருந்து இரண்டே நாளில் முடித்துவிடலாம் என்று பைத்தியக்காரத்தனமாக உட்கார்ந்தேன். போன் அடிக்கும்போதெல்லாம் கவிழ்த்து வைத்தேன். அழக்கூட நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை தம்பி கூப்பிட்டார். "அக்கா, நீங்க சொல்லலியா? புடவக்கடக்காரரு வாய்ஸ் மெசேஜ்ல அண்ணன திட்டிக்கினே கீறாரு. கட தொறக்க நேரத்துல ஒமக்கு லீவு கேக்குதோன்றாரு. அம்மா கேட்டுட்டாங்க."

போனில் சொல்லும் துணிவில்லை. பஸ் பிடித்துக் கடைக்கே போனேன். நான் சொன்னதும் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "செத்தவரையா வஞ்சேன்?" என்றார். "நாலு நாளா செத்தவரையா வஞ்சேன்?" என்மீது கோபப்பட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். வேலை முடிய ஒரு மாதம் ஆகும் என்று நானாகவே சொன்னேன். "அது கெடக்கட்டும். அவங்க அம்மா எங்க இருக்காங்க?" என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் ஏழாம் நாள் செபம். அருள்தாஸின் வீட்டுக்கு அதுவரை நான் போனதில்லை. கூட வந்த அண்ணாச்சி அவர் அம்மாவிடம் கைகூப்பி, தெரியாமல் பேசிவிட்டேன் என்றார். "உடுங்க, உங்களுக்கு இன்னா தெரியும்" என்ற அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். லீவு என்று நான் சொன்ன பொய்க்குத்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"நீதான் அந்த மேனேஜரா? ஆறு வருசமா உன்னத்தாம்மா திட்டிக்கினு கீறேன். மாதா கோயில் திருவிழாவுக்கு வாடான்னா, மேனேஜர் உட மாட்டாங்கம்மான்னுவான். நெஞ்சு வலிக்குதுன்னியே, டாக்டராண்ட போய்ட்டு வாடான்னா, மேனேஜர் லீவு தரல, அடுத்த வாரம்மான்னான். அப்டி இன்னாம்மா வேல உனக்கு? ஒரு நாள் உட்ருக்கக் கூடாதா?"

நெஞ்சு வலி என்று அவர் என்னிடம் சொன்னதே இல்லை. லீவும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் போ என்றுதான் சொல்லியிருப்பேன் என்று நம்பப் பார்க்கிறேன். முதலில் தேதியைப் பார்த்திருப்பேனோ என்ற பயமும் போகவில்லை. அங்கே எனக்குத் தொண்டைவரை வந்தது: அம்மா, அப்படி ஒரு மேனேஜரே கிடையாது, உங்கள் மகன் தனக்குத்தானே லீவு கொடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சொல்லவில்லை.

"தப்புதாம்மா. விட்டிருக்கணும்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் திட்டினார்.

புடவைக்கடை வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. இடையில் இரண்டு முறை பாலவாக்கம் போய் வந்தேன். இரண்டு முறையும் வசவு, பிறகு சாப்பாடு. முப்பதாம் நாள் பூசைக்கு வரப்போகிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த அம்மாவிடம் யாரும் உண்மையைச் சொல்லிவிடாதீர்கள். மகனைத் திட்ட அவருக்கு மனம் வராது. திட்ட ஒரு ஆள் வேண்டும். அருள்தாஸ் எனக்குக் கொடுத்த அந்த மேனேஜர் வேலையை நான் வைத்துக்கொள்கிறேன்.