பெண்கள் வார்டில் கேட்ட பேச்சு

கல்யாணத்துக்கு முன் நான் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். அதனால்தான் என்னைச் சிறைப் பார்வையாளராகப் போட்டார்கள். நிஜாம் அரசாங்கத்தின் கடைசி ஆண்டுகள் அவை. நகரச் சிறையில் பெண் கைதிகளுக்கு வைத்தியம் ஒழுங்காக நடக்கிறதா என்று வெளியாள் ஒருவர் மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். பெண்கள் வார்டுக்குள் போய் நோய் விசாரிக்க ஒரு பெண்தான் வேண்டும் என்று தேடியபோது, எங்கள் சபைப் பாதிரியார் என்னைக் காட்டிவிட்டார். "வீட்ல சும்மாத்தானே இருக்கே, போய்ட்டு வா" என்றார் என் கணவர். ராணுவக் கிடங்கில் குமாஸ்தா அவர். நான் சும்மா இருக்கவில்லை. இருந்தாலும் நாங்கள் குடியிருந்த திருமுல்கேரியை விட்டு வெளியே போக ஒரு காரணம் கிடைத்ததில் சந்தோஷப்பட்டேன்.

முதல் சில மாதங்கள் பானைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குடிதண்ணீர்ப் பானைக்கு மூடி இருக்கிறதா, நோயாளிக்குக் கொடுக்கும் கஞ்சியில் அரிசி இருக்கிறதா, சிரங்கு வந்தவளின் கம்பளியை வேறொருத்தி போர்த்திக்கொள்கிறாளா என்று. வார்டின் ஒரு மூலையைத் தட்டி கட்டி மறைத்து, உள்ளே இரண்டு கட்டில் போட்டிருந்தார்கள். அதுதான் ஆஸ்பத்திரி. சிறை டாக்டர் வயதானவர், நல்ல மனிதர். ஆண்கள் பக்கத்துக் கூட்டத்தைப் பார்த்து முடித்து இங்கே வரும்போது களைத்துப்போயிருப்பார். கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்காருவார். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அந்தப் பக்கம் நின்று சொல்வார்கள். அதைக் காவல்காரி உரக்கத் திருப்பிச் சொல்வாள். காய்ச்சல் என்றால் ஒரு மருந்து, வயிறு என்றால் இன்னொரு மருந்து.

மழைக்காலத்தில் ஒரு நாள் நான் போனபோது, திரிகைக்குப் பக்கத்தில் ஒருத்தி முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். "சப் நாடக், மேம்சாப்", எல்லாம் நடிப்பு என்றாள் காவல்காரி. "சாப்பிடும்போது ஒன்றுமில்லை. சோளம் அரைக்கச் சொன்னால் வலி வந்துவிடுகிறது. மருந்து கொடுத்தால் நக்கோ, வேண்டாம் என்கிறாள்" என்று உருதுவில் விளக்கினாள்.

நான் குனிந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு தனக்குத்தானே முனகினாள்.

"சவத்து வலி, விட மாட்டேங்கே. நான் சொல்லுதது ஒருத்தருக்கும் வெளங்க மாட்டேங்கே."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் அம்மா அப்படித்தான் பேசுவாள். அடுப்புப் புகைந்தால் "சவம்", கதவு இறுகிக்கொண்டால் "சவம்". நான் நர்ஸ் படிப்பில் இருந்தபோது பாளையங்கோட்டையில் அவள் இறந்துபோனாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் காதால் கேட்டதே இல்லை. என் கணவர் சென்னைக்காரர். கல்யாணமான புதிதில் நான் "சொல்லுதேன்" என்றால் சிரிப்பார். மெல்ல "சொல்றேன்" என்று மாற்றிக்கொண்டேன். பிள்ளைகளிடம் தமிழில் கேட்டால் "ஹவ் மம்மி" என்று உருதுவில் பதில் வரும்.

"எங்கன வலிக்கு?" என்று கேட்டேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அவள் தலையைத் தூக்கினாள். வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள். "யக்கா, நீங்க நம்ம பக்கமா?" என்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள். வலியால் அழுகிறாளா, வேறெதற்காகவோ அழுகிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை.

கொஞ்சம் தணிந்ததும் வலியைச் சொன்னாள். வலது விலாவுக்குக் கீழே கவ்விப் பிடிக்கிறது. அங்கிருந்து முதுகுப் பட்டைக்கு ஏறுகிறது. சாப்பிட்டுச் சற்று நேரம் கழித்துத்தான் வருகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு திரிகை வேலை என்பதால், வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று எல்லாரும் முடிவுகட்டியிருந்தார்கள். "வயிறுன்னு ஒத்த வார்த்தைதான் இவுகளுக்குப் புரியுது. வெள்ளை மருந்தக் குடுக்காவ. குடிச்சா இன்னும் கூடுது" என்றாள். வெளிச்சத்துக்கு அழைத்துவந்து கண்ணை விரித்துப் பார்த்தேன். மஞ்சளாக இருந்தது.

டாக்டரை உள்ளே வரச் சொன்னேன். அவர் தயங்காமல் வந்தார். அவள் சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். அவர் விலாவுக்குக் கீழே கை வைத்து அழுத்தியதும் அலறினாள். "பித்தப்பையில் கல்" என்றார் அவர். கையைத் துடைத்துக்கொண்டார். "இது இங்கே முடிகிற காரியமில்லை, அம்மா. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அதற்கு சூப்பரின்டெண்டென்ட் சம்மதிக்க வேண்டும்."

சூப்பரின்டெண்டென்ட் மரியாதை தெரிந்தவர். எனக்கு டீ வரவழைத்தார். மைத்துனனை அருவாமனையால் வெட்டியவள் அவள் என்று நினைவுபடுத்தினார். வெளியே அனுப்பினால் இரவும் பகலும் காவலுக்குப் பெண் ஆட்கள் வேண்டும், இருப்பதே இரண்டு பேர் என்றார்.

"இத்தனை மாதமாக யாருக்கும் தெரியாத நோய், நீங்கள் வந்த அன்றைக்குத் தெரிந்துவிட்டதா?"

"அவள் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கேட்க ஆளில்லை."

"டாக்டர் என்ன சொல்கிறார்?"

"அவரும் பார்த்துவிட்டார். இனி அவள் உள்ளே செத்தால், தெரியாது என்று நம்மில் யாரும் சொல்ல முடியாது."

அவர் டீயைக் கீழே வைத்தார். மறுநாள் அவளை ஆற்றங்கரையில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுபோனார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. மாதம் ஒருமுறை பார்த்தால் போதும் என்பது விதி. நான் வாரத்துக்கு இரண்டு முறை போனேன். புண் ஆறுகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. மீதி நேரமெல்லாம் கட்டிலின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பேசுவேன். பெரிதாக எதுவும் பேசிவிடவில்லை. சாளைக் குழம்புக்குப் புளியா மாங்காயா என்று ஒரு நாள் முழுக்க வாதாடினோம். என் கொண்டையைப் பார்த்து, "இது என்னத்துல சேத்தி? குருவிக்கூடு மாதிரி இருக்கு" என்றாள். காவல்காரி ஜன்னலோரம் தூங்கி வழிவாள். கட்டிலில் கிடந்தவளின் வீட்டைப் பற்றி நான் கேட்டதில்லை. ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த புருஷன், வழக்கு நடக்கும்போதே வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்பதை மட்டும் அவளாகச் சொன்னாள்.

ஒரு நாள் கேட்டாள்: "யக்கா, எனக்குத்தான் சரியாப்போச்சே. இம்புட்டுத் தூரம் என்னத்துக்கு அடிக்கடி வாரிய?"

"பாத்துட்டுப் போகத்தான்" என்றேன்.

அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், தன் தங்கை பிள்ளையைத் தாலாட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நான் எதற்காக வருகிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு நான் போனால் நிறுத்தாமல் பேசுவாள். பேசிப் பேசி அவளுக்கு மூச்சு வாங்கும். சில சமயம் அவள் என்ன சொல்கிறாள் என்பதைக் கவனிக்காமல், குரல் ஏறி இறங்குவதை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

புண் ஆறியதும் சூப்பரின்டெண்டென்ட் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தண்டனையில் கொஞ்ச காலம்தான் மிச்சம். வார்டுக்குத் திரும்ப அழைத்து இலகுவான வேலை கொடுக்கலாம், இல்லையென்றால் உடல்நிலையைச் சொல்லி விடுதலைக்குச் சிபாரிசு செய்யலாம். டாக்டர் இரண்டுக்கும் சரி என்கிறார், பார்வையாளர் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். ஈரத்தரையும் திரிகைச் சத்தமும் உள்ள இடத்தில் அவளை நினைத்துப் பார்த்தேன். தண்டனை முடியும் தை மாசி வரைக்கும் அவளை அங்கே போய்ப் பார்க்கலாம் என்பதும் மனதில் ஓடாமல் இல்லை. "விட்டுவிடுங்கள்" என்றேன். அன்று பஸ்ஸுக்கு நிற்க மனமில்லாமல், மழைத் தூறலில் வெகுதூரம் நடந்தே போனேன்.

அவளை ஊருக்கு அனுப்ப, சிகந்திராபாத் ஸ்டேஷனில் மதராஸ் வண்டியில் ஏற்றிவிட நானும் போனேன். சிறையில் கொடுத்த வெள்ளைச் சேலை, ஒரு துணி மூட்டை, அவ்வளவுதான். மதராஸில் இறங்கி எழும்பூருக்கு எப்படிப் போய் வண்டி மாற வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "எனக்குத் தெரியும் யக்கா. நீங்க வீட்டுக்குப் போங்க, பிள்ளையெல்லாம் தேடும்" என்றாள். வண்டி நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எங்கிட்டப் பேசினாப்ல உங்க பிள்ளையகிட்டயும் பேசுங்க, என்னா?" என்று கத்தினாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். பிறகு ஒரு தகவலும் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்வேன். ஆனாலும் தபால்காரரைக் கண்டால் வாசலுக்கு வந்துவிடுவேன்.

பிள்ளைகளிடம் பேசிப் பார்த்தேன். சின்னவள், "மம்மி, கைக்கு இப்படிப் பேசறீங்க?" என்று, 'ஏன்' என்பதை உருதுவில் கேட்டுச் சிரித்தாள். விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் வார்டுக்குப் போனபோது டாக்டரின் நாற்காலி கம்பிக்கு உள்ளே போடப்பட்டிருந்தது. மராட்டி பேசும் கைதி ஒருத்தியையும் கன்னடக்காரி ஒருத்தியையும் பக்கத்தில் நிற்கவைத்து, அவர்கள் வழியாக நோயைக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் திருப்தியாக இருந்தது. கட்டில்களைப் பார்த்தேன், கஞ்சியைப் பார்த்தேன், திரும்பினேன். அந்த வார்டில் அதற்குப் பிறகு தமிழ்க் குரல் எதுவும் கேட்கவில்லை. ராஜ்யம் மாறியதும் பார்வையாளர்களையும் மாற்றிவிட்டார்கள்.

பல வருஷம் கழித்து, ஒரு கல்யாணத்துக்காகச் சென்னைக்குப் போனோம். உறவுக்காரரை வழியனுப்பப் போனபோது எழும்பூரில் திருநெல்வேலி வண்டி நின்றுகொண்டிருந்தது. ஒரு பெட்டிக்குள் இரண்டு பெண்கள் ஜன்னலோர இடத்துக்காக, சொல்லுக்குச் சொல் "சவம்", "சவம்" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரையும் எனக்குத் தெரியாது. முகங்களை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். "என்ன பண்றே, நேரமாச்சு" என்று என் கணவர் படிக்கட்டிலிருந்து கூப்பிட்டார். வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு, வண்டி கிளம்பும்வரை அந்த ஜன்னலுக்குக் கீழேயே நின்றேன்.