வெள்ளிக்கிழமை மச்சம்

தவநாயகி பயப்படாத சாமான் ஏதாவது லண்டனில் இருந்ததா என்று கேட்டால், யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஓடுகிற படிக்கட்டுக்குப் பயம். அரசாங்கக் கடிதம் வருகிற பழுப்பு நிறக் கவருக்குப் பயம். பொலிஸ் கார் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டாலே, தன்னைத்தான் தேடி வருகிறார்கள் என்பதுபோல ஜன்னல் சீலையை இழுத்து மூடுவாள். ஆனால் இதெல்லாம் சில்லறைப் பயம். பெரிய பயம் வீட்டுக்குள்ளேயே மேசை மேல் இருந்தது. அது டெலிபோன்.

அவளுடைய ஒரே மகன் சேந்தன் கொழும்பில் மறியலில், சிறைக் கம்பிக்குள் இருந்தான். லண்டனுக்கு வருவதற்காக ஏஜென்சிக்காரனை நம்பி லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தவனைச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு குற்றமும் செய்யாத பெடியன். வழக்கு தவணைக்கு மேல் தவணையாக இழுபட்டுக்கொண்டிருந்தது. லோயர் பெனடிக்ற் நல்ல செய்தியென்றால் கடிதம் போடுவார். போன் எடுத்தால் மற்றது. போனில் அவர் என்ன சொன்னாலும் தவநாயகி கேட்பது ஒரே கேள்விதான்: "பிள்ளை சாப்பிட்டவனோ?"

மகன் பிடிபட்ட செய்தி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கே முருகன் படத்துக்கு முன்னால் விழுந்து நேர்த்தி வைத்தாள். "அவன் வெளியிலை வருமட்டும் வெள்ளிக்கிழமையிலை மச்சம் தொடமாட்டன். என்ரை கையாலை ஒருத்தருக்கும் குடுக்கவும் மாட்டன்." மச்சம் என்றால் மீன், இறைச்சி, முட்டை எல்லாம் அதற்குள் அடக்கம். யாழ்ப்பாணத்துச் சமையலறையில் மச்சத்துக்கு ஒரு சட்டி, சைவத்துக்கு ஒரு சட்டி. இரண்டும் ஒன்றையொன்று முகம் பார்க்காது. லண்டனில் அவர்கள் இருந்த இடத்தின் பெயர் மிச்சம். "மிச்சத்திலை இருந்துகொண்டு மச்சம் இல்லையாம்" என்று புருஷன் கனகலிங்கம் ஒரு தரம் பகிடி விட்டார். அவள் பார்த்த பார்வையில் அந்தப் பகிடி அத்தோடு செத்துப்போனது.

இந்தக் கனகலிங்கத்தால் வந்த வினைதான் எல்லாம். பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை. மனுஷனுக்குக் கையும் காலும் களைத்துப்போனாலும் வாய் மட்டும் களைக்காது. மேல்மாடி அறைகளை அவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்திருந்த மிஸ்டர் பார்லோ கீழே தனியாக இருந்தார். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்ற கிழவர். பின்வளவுக் கொட்டிலில் இரண்டு ஃபெரட் வளர்த்தார். நீட்டு உடம்பும் குட்டைக் காலும் மீசையுமாக, நம்முடைய கீரிக்கு வெளிநாட்டில் பிறந்த சொந்தக்காரன் போல இருக்கும். தவநாயகி அவற்றைக் கீரி என்றுதான் சொன்னாள். ஆண் ஜாக் இளந்தாரி. பெண் மேபிளுக்கு வயது போய்விட்டது. கிழவருடைய செத்துப்போன மனைவி மடியில் வைத்து வளர்த்தது அது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் கிழவருக்கு இடுப்பில் ஒப்பரேஷன். "கீரிகளை யார் பார்ப்பது?" என்று அவர் கவலைப்பட்டபோது கனகலிங்கம் நெஞ்சை நிமிர்த்தி, "நோ ப்ராப்ளம், மை வைஃப்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

"விசரே உங்களுக்கு? பூனைக்கே கிட்டப் போகாத என்னை..." என்று அவள் குதித்ததெல்லாம் வெறும் சுவருக்குத்தான் கேட்டது.

ஒப்பரேஷனுக்கு முதல் கிழவர் அவளைக் கூப்பிட்டுப் பாடம் எடுத்தார். டின் சாப்பாடு வேண்டாம். விலை கூட, சத்தும் இல்லை. பச்சை இறைச்சிதான். கோழிக் கழுத்து, இதயம், இரைப்பை, கொஞ்சம் ஈரல். ஒருவரும் வாங்காத பகுதிகள் என்றபடியால் பென்ஷன் காசுக்குள் அடங்கும். எலும்போடு கொத்திப் போட வேண்டும். பச்சை எலும்பு மெல்லிசு, அவித்த எலும்புதான் குடலைக் கிழிக்கும். பால் கூடாது, சோறு கூடாது. "ஒவ்வொரு நாளும்" என்று இரண்டு தரம் சொன்னார். தவநாயகி தலையாட்டினாள். இங்கிலிஷ்காரர் எது சொன்னாலும் அவள் தலையாட்டுவாள், அதுவும் பயத்தில்தான்.

இறைச்சிக் கடையில் கழுத்துக்கு இங்கிலிஷ் சொல் வராமல் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். கடைக்காரர் முதலில் திடுக்கிட்டார். பிறகு விளங்கிக்கொண்டார். அடிக்கடி கழுத்தும் இரைப்பையுமே வாங்குகிற இந்தப் பெண்ணின் குடும்பம் இதில்தான் சீவிக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு நாள் இரக்கப்பட்டு ஒரு பை நிறைய இதயத்தைச் சும்மா தந்துவிட்டார். அவளுக்கு மானம் போயிற்று. ஆனால் பையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மிச்சம் பிடிக்கிறதென்றால் மிச்சம் பிடிக்கத்தானே வேணும்.

முதல் நாள் இறைச்சியை மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவித்தான் வைத்தாள். கழுவாத இறைச்சியை ஒரு சீவனுக்கு எப்படிக் கொடுக்கிறது? ஜாக் மஞ்சள் மீசையோடு நின்று தும்மினான். மறுநாளிலிருந்து வெறும் தண்ணீர். கிட்டப் போக மட்டும் மனம் வரவில்லை. கூட்டுக் கதவைத் திறந்து, தட்டை வீடு கூட்டுகிற தும்புத்தடியால் உள்ளே தள்ளிவிட்டு ஒரே ஓட்டம்.

பிறகு வெள்ளிக்கிழமை வந்தது. தலைமுழுகி விளக்கேற்றியவள் கொட்டிலைப் பார்த்தாள், முருகனைப் பார்த்தாள். கையால் ஒருவருக்கும் கொடுக்க மாட்டேன் என்று அவளே வாயால் சொன்னது. பருப்பும் சோறும் பிசைந்து வைத்தாள். கீரிகள் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தன. ஆனாலும் சனிக்கிழமை நன்றாகத்தான் இருந்தன. அடுத்த வெள்ளியும் அப்படியே. "ஒரு நாள் விரதம் இருந்தால் உடம்புக்கு நல்லதுதானே" என்று தவநாயகி தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

அவளுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. கீரிகள் களவாணிகள். தின்றது போக மிச்சத்தைப் படுக்கை வைக்கோலுக்குள் ஒளித்து வைக்கும். இரண்டு வெள்ளியும் அவை விரதம் இருக்கவில்லை. ஒளித்த மச்சத்தைத் தின்றுகொண்டு படுத்திருந்தன.

மூன்றாவது வியாழன் மணம் தாங்க முடியவில்லை. விடிந்தால் வெள்ளி, வீடு வாசல் துப்புரவாக இருக்க வேண்டாமா? ஜாக்கையும் மேபிளையும் தும்புத்தடியால் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வைக்கோல் முழுவதையும் வாரினாள். அடியில் நாறிப்போன இறைச்சித் துண்டுகள். "அட சீ, மூதேசுகளே!" என்று ஏசிக்கொண்டு ஒன்று விடாமல் எறிந்தாள். கொட்டிலைக் கழுவினாள். பூசை அறை மாதிரி ஆக்கிவிட்டுத்தான் படுத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு பருப்புச் சோற்றுத் தட்டை எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மேபிள் கொட்டிலின் நடுவில் கிடந்தது. பின்னங்கால் இரண்டும் தன் பாட்டுக்குப் பின்னால் நீண்டிருந்தன. எழும்பப் பார்த்தது, முடியவில்லை. வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. ஜாக் சுற்றிச் சுற்றி ஓடினான்.

"ஐயோ முருகா!"

தும்புத்தடி கையிலிருந்து விழுந்தது. புருஷனுக்குப் போன் அடித்தாள். ஆள் வெளியே பம்படியில் நிற்கிறாராம். மிச்சமாக இருந்தது கிழவர் சுவரில் ஒட்டிவிட்டுப் போன ஆஸ்பத்திரி நம்பர். அவளாக ஒரு வெள்ளைக்காரருக்கு அதுவரை போன் எடுத்ததே இல்லை. இரண்டு தரம் பிழையாக அமத்தினாள். மூன்றாம் தரம் நேர்ஸ் ஒருத்தி எடுத்து, போனைக் கிழவரின் கட்டிலுக்குக் கொண்டுபோனாள்.

"மிஸ்டர் பார்லோ... மேபிள் நோ வாக். மேபிள் ஃபோல்."

ஏசப்போகிறார், வீட்டை விட்டு எழும்பச் சொல்லப்போகிறார் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவர் ஏசவில்லை. கேட்டது இதுதான்:

"அவள் சாப்பிட்டாளா?"

இங்கிலிஷில்தான் கேட்டார். ஆனால் தவநாயகிக்கு அது அப்படியே தன் வாயிலிருந்து வந்த மாதிரி இருந்தது. அதே நடுக்கம். தூரத்தில் கிடந்துகொண்டு, ஒன்றும் செய்ய ஏலாமல், யாரோ ஒருவரின் இரக்கத்தில் பிள்ளையை விட்டுவிட்டுக் கேட்கிற அதே கேள்வி. அந்தக் கிழவரும் பயந்துபோயிருந்தார்.

"நோ" என்றாள். "டுடே ஃப்ரைடே. நோ மீட்."

அவருக்கு அது விளங்கியிருக்காது. விளக்கம் கேட்கவும் இல்லை. வயது போனது பட்டினி தாங்காது என்று சொல்லி, பல் முரசில் தேன் தடவச் சொன்னார். "ஆனால் தேன் கொஞ்ச நேரத்துக்குத்தான். உடனே இறைச்சி. மசித்து, இளஞ்சூட்டுத் தண்ணியில். ப்ளீஸ், மை டியர்." நேர்ஸ் போனை வாங்கிக்கொண்டாள்.

தேன் சாமித் தட்டில் இருந்தது, முருகனுக்குத் தினைமாவோடு படைக்கிற தேன். போத்தலோடு எடுத்துக்கொண்டு ஓடினாள். தும்புத்தடி இல்லை. மேபிளை இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்தாள். பல்லெல்லாம் ஊசி. அந்தப் பல்லுக்குள் விரலை விட்டுத் தேனைத் தடவும்போது அவளுடைய பல்லே கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கண் அசைந்தது. தலையைத் தூக்கியது. "போதும் முருகா, இதோடை எழும்பிவிடும்" என்று அவள் வேண்டிக்கொண்டாள். தேன் சைவம்தானே. நேர்த்தியும் தப்பும், கீரியும் தப்பும்.

தலை திரும்பவும் சரிந்தது.

கீழ் வீட்டுக் குசினியில், கிழவரின் குளிர்பெட்டியில், கொத்தி வைத்த இறைச்சி இருந்தது. தவநாயகி அதன் கதவுக்கு முன்னால் நின்றாள். திறந்தால் நேர்த்தி போயிற்று. நேர்த்தி போனால் சேந்தன்? அவனை இவ்வளவு நாளும் உயிரோடு வைத்திருந்தது இந்த வெள்ளிக்கிழமைகள்தான் என்று அவள் மெய்யாகவே நம்பினாள்.

நேற்று வைக்கோலோடு வாரி எறிந்தது இதுகள் ஒளித்து வைத்த சாப்பாடு என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கூடவே இன்னொரு எண்ணமும் வந்தது. அங்கே, கம்பிக்கு அந்தப் பக்கம், ஒருவன் சாப்பாட்டுத் தட்டோடு நிற்பான். அவனுக்கும் ஏதாவது ஒரு சட்டம் இருக்கும். இன்றைக்கு இன்ன நாள், கொடுக்கக்கூடாது என்று. தன் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவன் திரும்பிப் போனால் என்ரை பிள்ளை என்ன செய்வான்? வைக்கோலுக்குள் ஒளித்தா வைத்திருப்பான்?

கதவைத் திறந்தாள்.

ஈரலையும் இதயத்தையும் சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு இளக வைத்து, கத்தியால் கொத்தி, கையாலேயே மசித்தாள். மேலே, முருகன் படம் இருந்த பக்கமாகப் பார்த்து, அழுதுகொண்டே சத்தம் போட்டுச் சொன்னாள்: "தொட்டது இந்தக் கை. கேக்கிறதெண்டால் இந்தக் கையைக் கேள். அவனைக் கேளாதை, சொல்லிப்போட்டன்!" முருகனை அவள் அதட்டியது வாழ்க்கையில் அது ஒரு தரம்தான்.

விரல் நுனியில் எடுத்து வாய்க்குள் வைத்தாள். மேபிள் விழுங்கவில்லை. திரும்ப வைத்தாள். நாக்கு அசைந்தது. பிறகு விரலையே நக்கத் தொடங்கியது, சொரசொரவென்று. கிண்ணம் வெறுமையாகிற வரைக்கும் கொட்டில் நிலத்தில் அப்படியே இருந்தாள். கனகலிங்கம் வேலையால் வந்து பார்த்தபோது மனைவியின் கையெல்லாம் இரத்தம், மடியில் கீரி நித்திரை.

"என்னப்பா, இண்டைக்கு வெள்ளியெல்லே?" என்றார்.

"வாயை மூடிக்கொண்டு போய்க் கிழவனுக்குப் போனைப் போடுங்கோ. சாப்பிட்டதெண்டு சொல்லுங்கோ."

அதற்குப் பிந்திய ஒரு கிழமையை என்னவென்று சொல்வது! டெலிபோன் அடித்தாலே அழத் தொடங்கினாள். பிழையாக நம்பர் சுழற்றிய ஒருவன் அவளுடைய அழுகையைக் கேட்டுப் பயந்து மன்னிப்புக் கேட்டான். சாப்பாடு இறங்கவில்லை. முருகன் படத்தை நேரே பார்க்கவும் இல்லை. ஆனால் அடுத்த வெள்ளி விடிந்ததும் தலைமுழுகி, விளக்கேற்றிவிட்டு, நேரே கீழே போய் இறைச்சியைக் கொத்தினாள். நேர்த்தி முறிந்தது முறிந்ததுதான். மேபிள் பட்டினி கிடக்காது.

அன்று மத்தியானம் டெலிபோன் அடித்தது. தூரத்துப் போன் என்றே அவளுக்குப் பட்டது. கையில் ஈரல் மணம். சுவரைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள்.

"அம்மா, நான் பெனடிக்ற்."

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். இந்தா, வந்துவிட்டது.

"இண்டைக்கும் தவணை போட்டிட்டாங்கள் அம்மா. தைக்குத் தள்ளிப்போச்சு. கவலைப்படாதேங்கோ, நான்..."

"பிள்ளை... பிள்ளை சாப்பிட்டவனோ?"

லோயர் சிரித்தார். "சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கைதான் இண்டைக்குப் போய்ப் பாத்தனான். மீன் குழம்பும் சோறும். ஆரோ ஒரு காவல்காரன், நல்ல மனுசன் போலை, ரெண்டாந்தரமும் போட்டவன். அங்கை ஆரம்மா வெள்ளி, செவ்வாய் பாக்கிறது? கோவிக்காதேங்கோ."

ஈரல் மணக்கிற கையால் அவள் போனை இறுக்கிப் பிடித்தாள்.

"சாப்பிடட்டும், தம்பி" என்றாள் தவநாயகி. "வெள்ளியெண்டாலும் சாப்பிடட்டும். குடுத்த கை நல்லாயிருக்கட்டும்."