வாளியில் மிதந்த பூ

மயிலிட்டிக் காணி இராணுவத்திடமிருந்து திரும்பக் கிடைத்தபோது அங்கே வீடும் இல்லை, வேலியும் இல்லை. கிணற்றைக்கூடத் தூர்த்து மட்டமாக்கியிருந்தார்கள். அது யாருடைய எல்லைக்குள் இருந்தது என்பதில் அடைக்கலநாதனுக்கும் பக்கத்துக் காணி ஜெறோமுக்கும் பிணக்கு.

"பூவரசடியிலை, என்ரை காணிக்குள்ளைதான்" என்றார் அடைக்கலநாதன்.

"போடா! காலமை என்ன திண்டனியெண்டு கேட்டால் உனக்குத் தெரியாது. கிணறு மட்டும் தெரியுதோ?"

காணி அளக்க வந்த சேவையர் அடைக்கலநாதனின் மகள் றொசாந்தியிடம் திரும்பினார். "மிஸ், நீங்கள் பிறந்த இடம்தானே. ஞாபகமிருக்கோ?"

றொசாந்தி உளவியல் பேராசிரியை, என்னோடு படித்தவள். வயதானவர்களிடம் ஒரு பழைய தெருப் படத்தைக் காட்டுவாள். பிறகு, "அந்தப் பச்சைக் கதவுக் கடை திறந்திருந்ததோ?" என்று கேட்பாள். படத்தில் கதவு நீலம். அடுத்த கிழமை பலர் பச்சைதான் என்று சத்தியம் செய்வார்கள். இளம் ஆட்களும் ஏமாறுவதுண்டு. முதியவர்கள் இன்னும் அதிகம். இதை அவள் தொலைபேசியில் சொன்ன நாளிலிருந்து, இத்தனை தூரத்தில் இருந்துகொண்டு ஊரைப் பற்றி எதையும் அடித்துச் சொல்ல எனக்குப் பயம்.

தாயைப் பற்றி அவளிடம் இருப்பது ஒரே ஒரு ஞாபகம். கிணற்றில் அம்மா தண்ணீர் அள்ளுகிறார். வாளிக்குள் ஒரு பூவரசம்பூ மிதக்கிறது. ஐந்து வயதில் இடம்பெயர்ந்தாள். அடுத்த வருடமே தாய் காய்ச்சலில் போய்விட்டார். முகாமில் அவளை நித்திரையாக்க அடைக்கலநாதன் சொன்ன கதையிலும் அதே கிணறு, அதே வாளி, அதே பூ.

"வடிவா ஞாபகமிருக்கு" என்றாள். தகப்பன் நிமிர்ந்தார். "ஆனால் எழுதாதையுங்கோ. கண்டதோ, அப்பா சொல்லிக் கேட்டதோ எண்டு எனக்கே தெரியாது."

சேவையர் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிப் போனார். அடைக்கலநாதன் மகளைப் பார்க்காமலே கேட்டார்: "அப்ப, கொம்மாவும் பொய்யோ?"



ஜெறோம் செருமினார். "பிள்ளை, கொம்மா தெரேசா தண்ணி அள்ளுறதை நானும் எத்தினை தரம் கண்டனான். அவ..."

"பொறுங்கோ மாமா!" அவள் கை தானாக எழுந்தது. "அப்பா, கொஞ்சம் கடற்கரைப் பக்கம் போட்டு வாங்கோ. நீங்கள் தலையாட்டினால் அவரும் உங்கடை கதையைத்தான் சொல்லுவார்."

"உவனோ? நான் சொன்னதுக்கு உவன் எப்ப ஓம் போட்டவன்?" என்று முணுமுணுத்தபடி அவர் நடந்தார்.

தோணிகளுக்கு அப்பால் அவர் மறையும்வரை காத்திருந்தாள். பூவரசைத் தகப்பன் ஏற்கெனவே ஜெறோமின் காதுபடச் சொல்லிவிட்டார். வாளியும் பூவும் இன்னும் வெளியே சொல்லப்படாமல் அவளிடமே இருந்தன.

"அம்மாவைப் பற்றி என்ன ஞாபகமோ, அதைச் சொல்லுங்கோ மாமா."